முடிவைச் சொல்லாத சுருக்கம்

அடையாற்று முகத்துவாரத்துச் சிப்பிகள் எப்போது முட்டையிடுகின்றன என்று கண்டுபிடிக்க, முழங்கால் சேற்றில் புடவையைச் செருகிக்கொண்டு நின்றவள் நான். வெயில் ஏறினால் முட்டையிடும் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மழை வந்து, வெள்ளத்தில் முகத்துவாரத்தை அடைத்த மணல்திட்டு உடைந்து, தண்ணீரில் உப்புக் குறைந்தால்தான் முட்டை. கல்யாணம் பண்ணி எங்கேயாவது அனுப்பிவிடுவதற்குள் இதை என் பெயரில் அச்சில் பார்த்துவிட வேண்டும். எனக்கு அந்த ஒரே தவிப்புதான்.

கட்டுரையின் தொடக்கத்தில் வரவேண்டிய சுருக்கத்தில் உப்பு விஷயத்தை முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியர் சிவப்புப் பென்சிலால் அதை அடித்தார்.

"சுருக்கத்துலயே எல்லாத்தையும் கொட்டிட்டா உள்ளே யாரும்மா படிப்பா? 'காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன'ன்னு போடு. கௌரவமா இருக்கும்."

"அதுலேர்ந்து படிக்கிறவாளுக்கு என்ன சார் தெரியும்?"

"தெரியாட்டாத்தானே பக்கத்தைத் திருப்புவா!"

எங்கள் துறையில் எல்லாருமே அப்படித்தான் எழுதினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தேன். கல்கத்தாப் பத்திரிகைக்குத் தபாலில் போனது.

அதற்கப்புறம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாடவீதியில் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடினேன்.

"உன்னைப் பொண்ணு பார்க்க வரப்போறா, நீ தபால்காரனைப் பார்க்க ஓடறே! ஆத்துக்குள்ள ஒரு நிமிஷம் நிலையா இரேண்டி" என்று அம்மா கத்துவாள்.

பெண் பார்க்க வந்த அன்று காலையில்தான் பத்திரிகை வந்தது. யுத்தத்தால் காகிதத் தட்டுப்பாடு, ஆகவே இந்த இதழில் சுருக்கங்கள் மட்டும், முழுக் கட்டுரைகள் வெளிவரா என்று முதல் பக்கத்தில் அறிவிப்பு. என் பெயர் இருந்தது. ஆறு இருந்தது, சிப்பி இருந்தது. கடைசியில், 'காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன.' ஆராய்ந்து என்ன கிழித்தாள் என்று ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. திருப்புவதற்குத்தான் பக்கமே இல்லையே! பேராசிரியர் சொன்ன கௌரவம் மட்டும்தான் மிஞ்சியது. அழக்கூட நேரமில்லை. அம்மா தலை பின்ன இழுத்துக்கொண்டு போனாள்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, தெரிஞ்சுதா?"

பிள்ளையின் அப்பா கேட்டேவிட்டார். "ஏதோ ஆராய்ச்சி பண்றியாமே? என்ன கண்டுபிடிச்சே, குழந்தே?"

நிமிர்ந்து உட்கார்ந்தேன். வெயில் இல்லை, உப்பு என்றேன். முகத்துவாரம், மணல்திட்டு, மழை, முட்டை, ஒன்றையும் விடவில்லை. அம்மா பின்னாலிருந்து கிள்ளினாள். நிறுத்தவில்லை. என் முடிவு முதன்முதலாக வெளியானது அந்தக் கூடத்தில்தான்.

"பேஷ், பேஷ்" என்றார் அவர், காபியை ஆற்றிக்கொண்டே. "பாடத் தெரியுமோ?"