மஞ்சள் தெளித்த காளான் பாத்தி

1. குருவிநத்தத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், மூங்கில் புதரின் நிழலில், கரும்புச் சக்கையும் மண்ணும் கலந்து பாத்தி போட்டு வலைக்காளான் விதையை இட்டேன். அந்தக் காளானைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன்.
2. மூன்று மாதம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டேன்.
3. கோழிமுட்டை அளவில் ஐந்து வெள்ளை உருண்டைகள் எழும்பின. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு காளான் சுருண்டிருக்கும்.
4. வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போயிருந்தபோது, அம்மா அவற்றைப் பாம்பு முட்டை என்று நினைத்து, புற்றுக்குச் செய்வதுபோல மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கற்பூரம் காட்டிவிட்டார்.

"சொல்லிட்டுப் போவக்கூடாதாடி? வூட்டுக்குப் பின்னால முட்ட கெடந்தா நான் இன்னா செய்வேன்?" என்றார். அது குழம்பு வைக்க வளர்க்கும் காளான் என்று அப்போதுதான் சொன்னேன்.

காளானும் பூஞ்சைதான், அதற்கு மஞ்சள் ஆகாது என்பது மைக்ரோபயாலஜி படித்த எனக்குத் தெரியும். இரண்டே நாளில் நான்கு உருண்டைகள் அழுகின. சக்கைக்குள் பாதி புதைந்திருந்த ஐந்தாவது மட்டும் கெட்டியாக இருந்தது.

நான்காம் நாள் விடிந்தபோது அதன் உச்சி வெடித்திருந்தது. அம்மாவும் நானும் அருகில் குந்தினோம். வெள்ளைத் தண்டு எங்கள் கண்ணெதிரே உயர்ந்தது. பிறகு தொப்பிக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளை வலை, யாரோ மெல்ல இறக்கிவிடுவதுபோல இறங்கி, பாவாடையாக விரிந்தது. எதையும் குறித்துவைக்கும் நான் நேரம் குறிக்க மறந்துவிட்டேன்.

அம்மா மெதுவாகக் கேட்டார்: "இத்தப் போயா கொயம்பு வெக்கணும்னு சொன்ன?"

நாங்கள் அதைப் பறிக்கவில்லை. மதியத்துக்குள் வலை துவண்டுவிட்டது. இப்போது பாத்தியில் இரண்டு புது உருண்டைகள் இருக்கின்றன. அம்மா தினமும் வெறும் தண்ணீர் தெளிக்கிறார்.