ஊதாங்குழலும் என் இடது கன்னமும்

பகுத்தறிவைப் பற்றிப் பத்திரிகைக்குப் பக்கம் பக்கமாக எழுதியவன், வாய் கோணியதும் முதலில் ஓடியது ஆஸ்பத்திரிக்கு அல்ல, மாரியம்மன் கோயிலுக்கு.

காரணம் இருந்தது. நான் றப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார். முந்தின வாரம் பள்ளிக்கூட விழாவில், வெற்றிலை அதக்கிய எங்கள் கணக்கப்பிள்ளையின் கோணல் வாயை நடித்துக் காட்டிக் கைதட்டு வாங்கியிருந்தேன். "அடுத்தவங்க வாயப் பழிச்சா நம்ம வாய் இழுத்துக்கும், சேர்," என்று பக்கத்து லயத்து வீட்டு அக்கா அப்போதே சொன்னார். சிரித்தேன். முழு வாயால் சிரித்தது ரொம்ப நாளைக்கு அதுதான் கடைசி.

ஒரு காலையில் வாய் கொப்பளித்த தண்ணீர் இடது பக்கமாகச் சட்டையில் ஒழுகியது. இடது கண் மூட மறுத்தது. இரண்டு நாள் திருநீறு பூசிக்கொண்டு, துண்டால் முகத்தை மூடிக் கிடந்தேன். அடுத்தது கையா, காலா என்று மணிக்கொரு தரம் விரல்களை மடக்கிப் பார்த்தேன். மூன்றாம் நாள் மனைவி என்னை எஹலியகொட ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற்றினாள்.

டாக்டர் சிங்களத்தில் "ஹினாவென்ன" என்றார். சிரிக்கச் சொல்கிறார். ஊரையே சிரிக்க வைப்பதாக நினைத்துத் திரிந்தவனுக்குப் பாதி முகம்தான் கீழ்ப்படிந்தது. கைகாலை முடக்கும் பாரிசவாதம் இல்லை, முக நரம்பில் வீக்கம் என்று மாத்திரை எழுதினார். பிறகு சொன்னார்: முதல் நாளே வந்திருக்க வேண்டும், முகம் முழுதாகத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது.

அந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் ஏழு வாரம் குடித்தனம் நடத்தினேன். மூடாத கண்ணுக்கு மனைவி தினமும் பிளாஸ்டர் ஒட்டிவிடுவாள். 'ப' சொன்னால் காற்றுதான் வந்தது. பாடத்தில் 'பாம்பு' என்ற சொல்லைக் கண்டால் உண்மையாகவே நடுங்கினேன்.

கண்ணாடி முன் நின்று வாயைக் குவித்து ஊதிப் பழகச் சொல்லியிருந்தார்கள் ஆஸ்பத்திரியில். மனைவி என் கையில் ஊதாங்குழலைத் திணித்தாள். "கண்ணாடிய ஊதுறதுக்குப் பதிலா அடுப்ப ஊதுங்க. தேத்தண்ணியாச்சும் கொதிக்கும்."

காற்று இடது ஓரமாகக் கசிந்துவிடும். றப்பர் விறகு புகைந்ததே ஒழிய எரியவில்லை. மிச்ச ஆயுளுக்கு எனக்கு எந்த முகம் என்று தினமும் அந்தப் புகையில் ஜோசியம் பார்த்தேன்.

எட்டாம் வாரம், உதடு குழலைக் கவ்விப் பிடித்தது. சாம்பல் பறந்தது, தீயும் பிடித்தது. சுவரிலிருந்த கல்யாணப் போட்டோவைக் கழற்றி முகத்தருகே பிடித்துச் சிரித்தேன்.

"பாரு, பழையபடி நேராயிருச்சா?"

போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பவே கொஞ்சம் கோணலாத்தாங்க இருந்துச்சு. வருத்தப்படுவீங்கன்னு நாந்தான் சொல்லல."