ஜெபம் பண்ணிய எஞ்சின்

பிரியந்தி அக்காவைப் பற்றி எங்கள் சபையில் யாரிடம் கேட்டாலும் முதலில் அவளுடைய கோபத்தைத்தான் சொல்வார்கள். கோபக்காரி, அதனால்தான் கலியாணம் ஒன்றும் சரிவரவில்லை என்பார்கள். எதற்குக் கோபித்தாள் என்று மட்டும் சொல்லமாட்டார்கள். அதை நான் சொல்கிறேன்.

அவள் எங்கள் வீட்டில் மூத்தவள். டெனிஷ் ஊரான கிரின்ஸ்டெட்டில், எஞ்சின்களைக் கழற்றிப் புதுப்பிக்கும் பட்டறையில் வேலை செய்கிறாள். உழவு இயந்திரம், லொறி, பழைய அமெரிக்கக் கார் என்று எல்லா எஞ்சினும் அங்கே வரும். எஞ்சினின் முதுகெலும்பு போன்ற கிராங்கைக் கடைந்து சரிசெய்வது அவள் பொறுப்பு. அங்கே அவள் ஒருத்திதான் பெண். வாடிக்கையாளர்கள் உள்ளே வந்து, "இங்கே வேலை செய்கிறவர் எங்கே?" என்று அவளிடமே கேட்பார்கள். அந்தக் கேள்விக்குச் சிரிப்பதை அவள் எப்போதோ நிறுத்திவிட்டாள்.

அடுத்தவனான ஜொனத்தன் அண்ணா அவளுக்கு நேரெதிர். யாரையும் நம்புவான். ஒரு பழைய கமரோ கார் வாங்கி, கோல்டிங்கில் வாடகைக் கராஜில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தான். சனிக்கிழமை பழைய விமான ஓடுபாதை ஒன்றில் பந்தயம். அதற்காக எங்கள் சபை மூப்பர் ஜெயசிங்கத்திடம் ஒரு வி எட்டு எஞ்சின் வாங்கினான். சுவீடனில் ஒருவர் பூட்டிய எஞ்சின், உள்ளே இருப்பது அடித்துச் செய்த கிராங், எவ்வளவு வேகத்தையும் தாங்கும் என்று அவர் சொன்னார்.

அந்தக் காலத்து எஞ்சின்களில் இரண்டு வகைக் கிராங்கும் உண்டு. உருக்கை அடித்துச் செய்தது ஒன்று. இரும்பை உருக்கி அச்சில் வார்த்தது மற்றது. வெளியே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. வார்த்தது சாதாரண ஓட்டத்துக்குப் போதும். அண்ணாவோ வேகம் கூட்டும் சுப்பர்சார்ஜர் பூட்டி ஓடப்போகிறான். அந்த வேகத்தில் கிராங் முறிந்தால் எஞ்சின் அடிவயிற்றைக் கிழித்துக்கொண்டு வரும். எண்ணெய் பின்சில்லுகளின் டயரில் கொட்டும். பிறகு காரை யாராலும் பிடிக்க முடியாது.

எங்கள் சபையில் வீடோ காரோ வாங்கினால் ஜெபம் பண்ணி அர்ப்பணிப்பது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பாஸ்டர் கராஜுக்கு வந்தார். ஸ்டாண்டில் நின்ற எஞ்சின்மேல் அபிஷேக எண்ணெய் பூசி, கைவைத்து ஜெபித்தார். ஜெயசிங்கமும் கைவைத்து, ஓடப்போகிற பிள்ளையைக் காக்கும்படி உரத்து வேண்டினார். அக்கா கண்ணை மூடவில்லை. ஆமென் சொல்லி முடிந்ததும் கேட்டாள்.

"அங்கிள், சம்பைக் கழட்டிக் கிராங்கைப் பார்த்தனீங்களோ?"

"என்ன பிள்ளை, என்னில நம்பிக்கை இல்லையோ?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் காருக்குள் கொதித்தாள். "பார்த்தவன் ஓம் எண்டு சொல்லுவான். இவர் ஏன் என்ர நம்பிக்கையைப் பற்றிக் கேக்கிறார்?"

எண்ணெய் தேங்கும் அடித்தட்டான அந்தச் சம்பைக் கழற்றச் சொல்லி அண்ணாவிடம் கேட்டாள். அவன் மறுத்தான்.

"பாஸ்டர் கைவைச்சு ஜெபிச்சதை நான் திறந்தால், சந்தேகப்பட்டுத் திறந்ததாகத்தான் இருக்கும். விடு அக்கா."

அவள் விடவில்லை. வியாழக்கிழமை அவன் வேலையால் வருமுன் கராஜுக்குப் போனாள். நான் லைட் பிடித்தேன். எஞ்சினை ஸ்டாண்டில் தலைகீழாகத் திருப்பிச் சம்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது அண்ணா வந்துவிட்டான். டெனிஷில் கத்தினான். அவள் நிமிராமல் கடைசித் திருகாணியைக் கழற்றினாள்.

வார்த்த கிராங்கில், அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் நூல்போல ஒரு கோடு ஓடும். அடித்துச் செய்ததில் அந்த இடத்தில் பிதுங்கி நின்றதை அரைத்துவிடுவதால், விரல் அகலத்தில் ஒரு பட்டை இருக்கும். உள்ளே தெரிந்தது அகலமான பட்டை.

"பார்," என்றான் அண்ணா. "அங்கிள் சொன்னது சரி. இப்ப மன்னிப்புக் கேள்."

அக்காவின் முகம் சிவந்துபோனது. ஆனால் குனிந்தபடியே நின்றாள். பிறகு என் கையிலிருந்த லைட்டைப் பறித்தாள்.

"மற்ற இடமெல்லாம் தீய்ஞ்ச எண்ணெய் பிடிச்சுத் தவிட்டு நிறம். இந்தப் பட்டை மட்டும் ஏன் வெள்ளையாக் கிடக்கு? இங்க வந்து பார். இந்த மூலைக்குள்ள கிரைண்டர் போகாது."

அந்த மூலைக்குள், பட்டை முடிந்த இடத்திலிருந்து நூல்போன்ற கோடு தொடர்ந்து ஓடியது. வார்த்த கிராங்கை யாரோ அரைத்து, அடித்ததுபோலக் காட்டியிருந்தார்கள். அண்ணா அந்தக் கோட்டை நகத்தால் தடவிப் பார்த்தான். தொலைபேசி எடுத்து ஜெயசிங்கத்தைக் கூப்பிட்டான்.

அவர் வந்தார். குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"வார்த்ததும் ஓடுந்தானே, தம்பி. இங்க பக்கத்தில வைலேக்குப் போய்வர இது காணும்."

"அவன் வைலேக்குப் போகேல்லை அங்கிள்," என்றாள் அக்கா. "சுப்பர்சார்ஜர் பூட்டி ஓடப்போறான். தெரிஞ்சுகொண்டுதானே இதில கைவைச்சு ஜெபிச்சனீங்கள்?"

"ஆர் அரைச்சதோ எனக்குத் தெரியாது பிள்ளை. சமாதானமாப் போவம். மன்னிக்கச் சொல்லித்தானே வேதத்தில கிடக்கு."

"அரைக்கச் சொல்லியும் கிடக்கோ?"

சனிக்கிழமை அண்ணா ஓடவில்லை. ஏனென்று சபையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த நாள் சபையில் திருவிருந்து. அப்பம் எடுக்குமுன், மனஸ்தாபம் உள்ளவர்கள் எழுந்துபோய்க் கைகொடுப்பது எங்கள் வழக்கம். ஜெயசிங்கம் எல்லோரும் பார்க்க நடந்துவந்து அக்காவின்முன் கையை நீட்டினார். அக்கா இரண்டு கையையும் ஜாக்கெட் பைக்குள் வைத்தாள்.

"சிஸ்டர், கோபத்தை விடுங்கோ," என்றார் பாஸ்டர்.

"என்ன செய்தவர் எண்டு இதில நிண்டு சொல்லட்டும் பாஸ்டர். அதுக்குப் பிறகு கை தாறன்."

ஜெயசிங்கம் நீட்டிய கையோடு சிரித்துக்கொண்டே நின்றார். பின்வரிசையில் ஒரு பெண் "இவளுக்கு எப்பவும் இதுதான்" என்றாள். அந்தச் சபையில் நான் பிறந்து வளர்ந்தேன். ஒருவனைச் சாகக் கொடுக்கப் பார்த்த மனிதரை விட்டுவிட்டு, கைகொடுக்காதவளைத் திரும்பிப் பார்த்த அத்தனை முகங்களையும் எனக்குத் தெரியும்.

முதலில் எழுந்தது ஜொனத்தன் அண்ணா. அப்பம் எடுக்காமல் வெளியே நடந்தான். நாங்களும் போனோம்.

நேரே கராஜுக்குப் போய், உடுப்புக்கூட மாற்றாமல் கிராங்கை வெளியே எடுத்தார்கள். அக்கா அதைச் சங்கிலியில் தொங்கவிட்டாள். அடித்துச் செய்ததாக இருந்தால், தட்டும்போது மணிபோல நீளமாக ஒலிக்கும். இதில் என்ன கேட்கும் என்று மூன்று பேருக்கும் தெரியும். ஆனாலும் அண்ணா சுத்தியலைக் கேட்டான்.

தட்டினான். மரத்தில் தட்டியதுபோல ஒரு சத்தம் வந்து அங்கேயே நின்றது. இன்னொருமுறை தட்டினான். பிறகு ஓங்கி, ஓங்கி அடிக்கத் தொடங்கினான். அவன் அப்படிக் கோபித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அக்கா அவனைத் தடுக்கவில்லை. ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கிராங் ஆடாமல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள்.