எண்ணெய் விரல்

குற்றாலத்தில் அருவிக்குப் போகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதுதான் சொரிமுத்துவின் பிழைப்பு. இருபது வருஷத்தில் எண்ணெய் அவர் விரல்களில் ஊறிப்போய், சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போவதில்லை. யார் உடம்பில் எங்கே பிடிப்பு, எங்கே தழும்பு என்று அந்தக் கைகளுக்குத் தெரியும். தெரிந்ததை வாய் வெளியே சொன்னதில்லை.

அவருக்கு ஒரே ஒரு ஆத்திரம் உண்டு. ஐம்பத்தேழு எலெக்‌ஷனில் அவர் போவதற்குள் எவனோ அவர் பெயரில் ஓட்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தான். "ஒம்ம ஓட்டு விழுந்தாச்சு, போவும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உயிரோடு நிற்கிற மனுஷனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது? ஐந்து வருஷம் பொருமினார்.

அறுபத்திரண்டு பிப்ரவரியில் மறுபடி எலெக்‌ஷன். விரலில் மை ஒட்ட வேண்டுமே என்று மூன்று நாளாக எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடாமல் இருந்துவிட்டு, விடிந்ததும் முதல் ஆளாக வரிசையில் போய் நின்றார்.

மை வைக்கிற குமாஸ்தா அவருடைய இடது ஆள்காட்டி விரலைப் பிடித்தார். மை ஒட்டாமல் வழிந்தது. "என்னவே, விரல்ல எண்ணெயத் தடவிட்டு வந்திருக்கீரு?" மையை அழித்துவிட்டு மறுபடி வருகிற கள்ள ஓட்டுக்காரன் செய்கிற வேலை அது.

அந்த நேரம் பார்த்து கட்சி ஏஜென்ட் நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "சார், இது கள்ள ஓட்டு. இவன் அந்த ஆளே இல்ல."

சொன்னவர் ஆறுமுகநயினார். ஊரில் பாதி வயல் அவருடையது. சனிக்கிழமைதோறும் சொரிமுத்துவிடம் முதுகைக் கொடுத்துவிட்டுப் படுத்திருப்பவர். போன சனிக்கிழமை "நம்ம சின்னத்துல குத்திருலே" என்று அவர் சொன்னபோது சொரிமுத்து பதில் பேசாமல் தேய்த்துக்கொண்டிருந்தார். அதற்குத்தான் இந்தப் பழி.

"இவரை உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார் சாவடி அதிகாரி.

"இன்னைக்குத்தான் பாக்கேன்."

அதிகாரி வரிசையைப் பார்த்தார். "இவர்தான் சொரிமுத்துன்னு யாராவது சொல்லுவீங்களா?"

எல்லாரும் நயினார் வயலில் பாடுபடுகிறவர்கள். ஒருவரும் தலையை நிமிர்த்தவில்லை.

"யாரும் சொல்லலைன்னா போலீஸ்ல ஒப்படைக்கணும்" என்றார் அதிகாரி. வாசலில் நின்ற போலீஸ்காரர் உள்ளே ஓர் எட்டு வைத்தார்.

நயினாரின் இடுப்பில் இருக்கிற தழும்பைச் சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நம்பிப் படுத்தவன் உடம்பை நாலு பேர் முன்னால் சொல்வதா என்று விழுங்கிக்கொண்டார். அப்போதுதான் நயினார் பிடரியைத் தடவிக்கொள்வது கண்ணில் பட்டது.

"மொதலாளி, கழுத்து பிடிச்சிருக்கோ?" என்று கேட்டுக்கொண்டே போய், முடிச்சு விழுந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். நயினாரின் கண் சொக்கியது. தலை தானாகக் குனிந்தது.

"அம்மாடி... ஏலே சொரிமுத்து, மெதுவாலே!"

சாவடியே சிரித்தது. அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. துணியை எடுத்து சொரிமுத்துவின் ஆள்காட்டி விரலை அழுத்தித் துடைத்து, தன் கையாலேயே மை வைத்து, ஓட்டுச் சீட்டை நீட்டினார். சொரிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று சாயங்காலமே நயினார் வீட்டு வேலையாள் அய்யாக்குட்டி வந்து நின்றான். "கழுத்தைத் திருப்ப முடியாம கெடக்காரு. கையோட கூட்டியாரச் சொன்னாரு."

சாரலும் அருவிக் கூட்டமும் இல்லாத மாதங்களில் அந்த ஒரு வீட்டை நம்பித்தான் சொரிமுத்து வீட்டில் அடுப்பு எரிகிறது. அவர் தன் கறுத்த விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"யாரைக் கூட்டியாரச் சொன்னாரு?"

"ஒம்மத்தான்."

"என்னைய அவருக்குத் தெரியாதேடே" என்றார் சொரிமுத்து.