களி விள்ளிய கை

நான் யார்மீது நஷ்டஈடு கேட்டு எழுதிப் போட்டேனோ, அவர் வீட்டிலிருந்துதான் எனக்குத் தினமும் சாப்பாடு வந்தது. நாகர்கோவிலில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள். நம் ஊரில் அடுத்த வீட்டுத் தென்னை மட்டை நம் முற்றத்தில் விழுந்தாலே இரண்டு தலைமுறைக்குப் பேச்சு கிடையாது. இந்த ஓசூரிலோ, காரால் மோதியவரே தூக்குவாளியோடு வந்து, "சாப்ட்டியா பாப்பா?" என்று கேட்கிறார்.

கிருஷ்ணகிரியிலிருந்து வாடகைக் காரில் வந்துகொண்டிருந்தேன். சூளகிரித் திருப்பத்தில் நஞ்சப்பா என்ற விவசாயியின் பழைய கார், முட்டைக்கோஸ் மூட்டைகளோடு பக்கத்துப் பாதையிலிருந்து ஏறி வந்து இடித்தது. லேசான இடிதான். கார்கள் நசுங்கின, முட்டைக்கோஸ் உருண்டது, என் வலது மணிக்கட்டு முறிந்தது. நானோ தற்காலிக டைப்பிஸ்ட். கை போனால் வேலை போகும். வேலை போனால் இந்தக் குளிரூரில் எனக்கு என்ன ஜோலி?

ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தும், நஞ்சப்பா என்னை நேரே எலும்பு கட்டுபவரிடம் கூட்டிப்போனார். வீட்டு மனிதர்களுக்கும் மாடுகளுக்கும் அங்கேதான் கட்டுவார்களாம். முட்டையும் உளுந்துமாவும் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டார்கள்.

வக்கீல் குமாஸ்தாவான என் அத்தான் ஊரிலிருந்து அடித்துப் பிடித்து வந்தார். "ஆஸ்பத்திரி சீட்டு இல்லாம எப்பிடி பிள்ளே கேஸ் நடத்த?" என்று தலையில் அடித்துக்கொண்டார். வலது கை இனி வழங்காது என்று நஞ்சப்பாவின் கார் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி, கையெழுத்துக்குப் பதில் என் இடது கைப் பெருவிரலை மையில் உருட்டி ரேகை வைத்து அனுப்பினார். பொய் என்று சொல்லமாட்டேன். கட்டை அவிழ்த்த பிறகும் விரல்கள் மடங்கவில்லை. எனக்கே அந்தப் பயம்தான். நஞ்சப்பாவிடம் சொன்னேன். "எழுதும்மா, தப்பு என்னுதுதானே. கை நல்லாவணும், அதான் வேணும்" என்றார். சோறு போட்டு வாயை அடைக்கிறார்கள் என்று அத்தான் சொல்லிப்போனதால் கொஞ்ச நாள் நானும் சந்தேகக் கண்ணோடுதான் சாப்பிட்டேன்.

நஞ்சப்பாவின் மனைவி முனியம்மாவுக்குக் கரண்டியால் களி தின்பது பெரும் பாவம். கேழ்வரகுக் களியை விள்ளி, அவரைக்கொட்டைக் குழம்பில் தோய்த்து, என் அறைக்கே வந்து ஊட்டிவிடுவார். நான் மெல்லுவேன். "அய்ய, மெல்லாத பாப்பா! அப்பிடியே முழுங்கணும்!" என்று சிரிப்பார்.

ஒரு நண்பகல், அவர்கள் இருவரும் இருக்கும்போதே, இன்சூரன்ஸ் கம்பெனி அதிகாரி என் கையைப் பார்க்க அறைக்கு வந்தார். நஞ்சப்பா முந்திக்கொண்டு, "தப்பு என்னுதுங்க, எழுதிக்கோங்க" என்றார். "நீங்க அப்படிச் சொல்லக் கூடாதுங்க" என்று அதிகாரி அலுத்துக்கொண்டார். முனியம்மாவுக்கோ களி ஆறிவிடும் என்ற கவலை. என் முன்னால் தட்டை வைத்துவிட்டு, அதிகாரிக்கும் ஒரு தட்டு கழுவப் போனார். எனக்கு நல்ல பசி. அந்த மனிதர் கேட்ட ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே, என்னை மறந்து வலது கையால் களியை விள்ளிக் குழம்பில் தோய்த்துவிட்டேன்.

முனியம்மா தட்டைப் போட்டுவிட்டுக் கத்தினார். நஞ்சப்பா அதிகாரியின் தோளைப் பிடித்து உலுக்கி, "பாருங்க சார், பாப்பா கை ஆடுது!" என்றார். கேஸில் தன் பக்கம் ஜெயித்துவிட்டது என்பது நஞ்சப்பாவுக்குத் தோன்றவே இல்லை. கண்ணெல்லாம் தண்ணீர். நானும் அழுதேன். அதிகாரி பைலை மூடிவிட்டுக் களி சாப்பிட உட்கார்ந்தார், அவரும் மென்றார். மறுவாரம் நஞ்சப்பா மாரியம்மனுக்குக் கோழி அறுத்தார். சபைக்குப் போய்விட்டு வந்து அந்தக் குழம்பைச் சாப்பிட்டேன். ஊரில் யாரும் போதகரிடம் சொல்லிவிடாதீர்கள்.

வேலையும் தப்பியது. லீவில் ஊருக்குப் போனபோது, கேஸ் போன கோபத்தில் அத்தான் என்னோடு பேசவில்லை. அம்மா மீன்குழம்பு விட்டுச் சோறு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, சற்றே கோணலாகக் கூடியிருந்த மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள்.

"யாரு மக்களே இத கட்டுனது?"

"நம்ம ஆளுங்கதாம்மா."

அம்மாவின் கை அப்படியே நின்றது. "நம்ம ஆளுவ எல்லாரும் இங்கல்லா இருக்கோம்?" என்றாள்.