கேக் வாங்காத ஓனோ

ஓனோ ஹார்ம்ஸ் ஜெர்மனியின் எம்டன் நகரில் முப்பது வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். பக்கக் கண்ணாடியைப் பார்க்க மறந்த பெண்களை அழவிட்டுத்தான் காரிலிருந்து இறக்குவான். தன் தப்பை மட்டும் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஓய்வுக்குப் பிறகு எங்கள் விமானம் ஓட்டும் சங்கத்துக்கு வந்து சேர்ந்தான். எங்கள் தலையெழுத்து.

சங்கத்தில் ஒரு வழக்கம். விமானத்தைத் தடாலென்று தரையில் போட்டவர் அதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். பழுது பார்ப்பவன் நான். நான் சரி சொல்லும்வரை விமானம் நகராது. எழுதியவர் அடுத்த ஞாயிறு கேக் கொண்டுவர வேண்டும், கேலியையும் வாங்கிக்கொள்ள வேண்டும். இறங்கும்போதெல்லாம் விமானத்தை மூன்று முறை துள்ளவைக்கிற ஓனோ ஒரு வரி எழுதியதில்லை.

"இத்தன வருஷத்துல நான் கேக்கே வாங்கினதில்ல, தெரியுமா? இந்தச் சின்ன விமானமெல்லாம் எப்படிப் போட்டாலும் தாங்கும்பா" என்று மார்தட்டுவான்.

விமானத்தின் பின்சக்கரக் கால்கள் தாங்கும், வளைந்து நிமிரும். மூக்குச் சக்கரம் தாங்காது. அதைப் பிடித்திருப்பது இன்ஜினுக்கும் நம் முழங்காலுக்கும் நடுவில் உள்ள தகடு. எத்தனை முறை சொன்னாலும் அந்த மரமண்டையில் ஏறவில்லை.

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பறந்துவிட்டு வந்தான். நான் பட்டறைக்குள் இருந்ததால் அவன் இறங்கியதைப் பார்க்கவில்லை. குறிப்பேட்டில் 'விசேஷம் ஒன்றுமில்லை' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்றாவது கோப்பைத் தேநீரோடு உட்கார்ந்திருந்தான். அடுத்து அந்த விமானத்தை ஓட்டும் முறை அவன் மனைவி தேடாவுடையது. நோர்டர்னை தீவில் அவள் அக்காவுக்குப் பிறந்தநாள். அவள் சாவியை எடுத்ததும் இவன் முகம் வெளிறியது.

"தேடா, இன்னிக்கு வேணாம். எனக்கு நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு. வீட்டுக்குப் போலாம்."

அவள் பதறிப்போய்ச் சாவியை என்னிடம் நீட்டினாள். "ஃபோல்கர்ட், நீ வேணா எடுத்துட்டுப் போயேன்."

நான் ஓனோவைப் பார்த்தேன். "எடுத்துக்கோ, எடுத்துக்கோ. நல்லா ஓடுது" என்றான்.

கிளம்பும் முன் குனிந்து பார்ப்பது என் பழக்கம். தகடு கசங்கியிருந்தது. இரண்டு ஆணித்தலைகளைக் காணோம். தரையில் உரசிய முன்விசிறியின் நுனியில் புல்லும் மண்ணும். கார் கதவைத் திறந்துகொண்டிருந்த இருவரையும் கூப்பிட்டேன்.

தேடா குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இப்ப நெஞ்சு எப்படி இருக்கு?"

"பரவால்ல."

"நான் போறதுன்னா உனக்கு நெஞ்சு வலி. ஃபோல்கர்ட் போறதுன்னா நல்லா ஓடுது."

"தாங்கும்னுதான் நெனச்சேன், தேடா..."

"தாங்கும்னா என்னை ஏன்டா போக விடல?"

அவளே குறிப்பேட்டைக் கொண்டுவந்து அவன் கையில் பேனாவைத் திணித்தாள். 'கொஞ்சம் வேகமாக இறங்கிவிட்டது' என்று எழுதினான், விமானம் தானாக இறங்கியதைப் போல. தேடா பேனாவைப் பிடுங்கி 'கொஞ்சம்' என்பதை அடித்தாள். பிறகு 'இறங்கிவிட்டது' என்பதையும் அடித்து 'இறக்கினான்' என்று மாற்றிவிட்டு, வரியின் தொடக்கத்தில் அவன் பெயரை எழுதினாள்.