என் டிஸ்க்ல இருக்கற கோட்டை எனக்கு இல்லையாம்

ரெண்டு மாசம் முன்னாடியே திருத்தணி பஜார்ல பாய் கடையில இன்னும் வெளிவராத ஒரு வீடியோ கேமுக்கு ப்ரீஆர்டர் போட்டேன். இன்னைக்குக் காலையில பாய் முதல் ட்ரெயின்ல சென்னைக்குப் போய் டிஸ்க்கை எடுத்துகினு வந்து குடுத்தாரு.

சந்தோஷத்துல, சென்னையில இருக்கற எங்க அக்கா வீட்டுக்காரர், பாவாவுக்கு போன் போட்டேன். அவர் அதே கேமை அதே விலைக்கு ஆன்லைன்ல வாங்கினவர்.

"கோட்டைக்குள்ள போயிட்டியா?"ன்னாரு.

"எந்தக் கோட்டை பாவா?"

அவர் வாங்கின சைட்ல ப்ரீஆர்டர் பண்ணவங்களுக்கு மட்டும் ஒரு ரகசிய நம்பர் குடுத்தாங்களாம். அதைப் போட்டாத்தான் கேமுக்குள்ள ஒரு கோட்டை திறக்குமாம்.

நேரா கடைக்குப் போனேன். பாய் நெட்ல தேடிப் பார்த்துட்டு, "கோட்டை உன் டிஸ்க்லயும் இருக்குதுப்பா. பூட்டி வெச்சிகினு இருக்கானுங்க. நமக்குத்தான் சாவி குடுக்கல"ன்னாரு.

என் காசு, என் டிஸ்க். அதுக்குள்ள ஒரு கதவு, நான் எந்தக் கடையில வாங்கினேன்னு பார்த்துத்தான் திறக்குமா? நம்ம ஊர் கடையில வாங்கினது அவ்ளோ பெரிய குத்தமா?

பாயைத் திட்ட மனசு வரல. விடியக்காலம் எழுந்து ட்ரெயின் புடிச்ச மனுஷன், தப்பு பண்ணவர் மாதிரி நின்னுகினு இருந்தாரு. அப்புறம் போனுக்கு ஒட்டற கிளாஸ் ஒண்ணு எடுத்து நீட்டினாரு.

"இந்தா. நம்ம கடையில ப்ரீஆர்டர் பண்ணவங்களுக்கு மட்டும்."

வாங்கிகினேன். என் போனுக்கு அது சேரல.

கோட்டைக்குள்ள என்னதான் இருக்குன்னு யாராவது சொல்லுங்கப்பா. பாவாவைக் கேட்டா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரு.